விதைப்புக் காட்டில் மயில்

உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் பறவைகள் மூன்றே மூன்றுதான். ஒன்று ஐரோப்பாவின் ஸ்டார்லிங். மற்ற இரண்டும் கோவில்பட்டிப் பக்கம் எந்த வீட்டுக் கொல்லையிலும் இருக்கும். மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி நடக்கும் மைனா ஒன்று. முருங்கைக் கிளையில் உட்கார்ந்து கத்துகிற, வாலடியில் சிவப்புத் திட்டுள்ள கொண்டைக்குருவி இன்னொன்று.

மைனா கடல் தாண்டியது மனிதர் கையால். வெட்டுக்கிளியை ஒழித்துவிடும் என்று நம்பி 1762இல் இந்தியாவிலிருந்து மொரீசியசுக்குக் கொண்டுபோனார்கள். 1862இல் மெல்பர்னில் விட்டார்கள், 1865இல் ஹவாயில் விட்டார்கள். பூச்சி தின்னப் போன பறவை ஆஸ்திரேலியாவில் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணின் கிளிகளை வெளியே தள்ளியது, பழத்தோட்டங்களிலும் இறங்கியது. நம் காக்கைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று 1890களில் சான்சிபாருக்குக் கொண்டுபோன காக்கை, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நெடுகப் பரவியது. 2024இல் பத்து லட்சம் காக்கைகளைக் கொல்லப்போவதாகக் கென்யா அரசு அறிவிக்க வேண்டிவந்தது.

அதே மைனா கரிசலில் உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து, புரண்ட மண்ணில் நெளியும் புழுக்களைப் பொறுக்குகிறது. இங்கே அதன் முட்டையைத் தேடிவரப் பாம்பு உண்டு, குஞ்சைத் தூக்க வல்லூறு உண்டு, பொந்துக்குச் சண்டை பிடிக்கக் கிளி உண்டு, உடம்பில் தொற்றி வாழ ஒட்டுண்ணியும் உண்டு. இத்தனை பேரும் சேர்ந்துதான் அதை அளவோடு வைத்திருக்கிறார்கள். மைனா கப்பலில் ஏறியபோது இவர்களில் பெரும்பாலோர் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

வீட்டில் மைனாவும் மாடப்புறாவும் தொல்லை என்றால் செய்ய வேண்டியது அதிகமில்லை. மைனா கூடு கட்டும் சுவர் ஓட்டையையும் ஏசி குழாய்த் துளையையும் கம்பி வலையால் அடைக்க வேண்டும், அதுவும் குஞ்சு பறந்துபோன பிறகு. கோழித் தீவனத்தைத் திறந்துபோடக் கூடாது. மாடியில் காயும் தானியத்துக்கு வலை விரிக்க வேண்டும். புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் கூட்டாமல், தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டிக்கொண்டு அள்ள வேண்டும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஆனால் எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் காட்டில் விதைக்கும் ஒரு சம்சாரியிடம் எந்தப் பறவை உங்களுக்குத் தொல்லை என்று கேட்டால், மைனாவையும் சொல்லமாட்டார், காக்கையையும் சொல்லமாட்டார். மயில் என்பார்.

மயில் அயல் பறவை இல்லை. 1963இல் தேசியப் பறவையானது. ஆனால் இன்று பெருகியிருக்கும் வேகம் புதிது. 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கைப்படி பல பறவைகள் குறைந்துகொண்டே போகின்றன. மயிலோ 2000க்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 150 சதவீதம் கூடியிருக்கிறது. மயிலுக்குப் பிடித்தது வறண்ட, திறந்த நிலம். 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது மயில் அதில் இடம்பெறவில்லை. இன்று கேரளத்தில் மயில் பரவுவதை, அந்த மண் காய்ந்து வருவதற்கு அடையாளமாக ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். கேரளத்துக்கு அது புதிய விருந்தாளி. கரிசலுக்கு எப்போதும் சொந்தக்காரன்.

இங்கே அது பெருகியதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. கழுகுமலை முருகனைக் கும்பிடும் ஊர்களில் மயில் மேல் கல்லெறியவும் கை கூசும். முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரிகள் கண்ணில் படுவது அரிதாகிவிட்டது. இவற்றோடு சீமைக்கருவேலத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பெட்டை மயில் தரையில், புதர் மறைவில்தான் நான்கு முதல் எட்டு முட்டை வரை இடும். சுமார் 28 நாள் அடைகாக்கும். ஆள் நுழைய முடியாத சீமைக்கருவேல முள் மறைவு ஓடைக்கரையிலும் கண்மாய்க்குள்ளும் தரிசு நிலத்திலும் விரிந்து கிடக்கிறது. அயல் நாட்டிலிருந்து வந்து நம் மண்ணைப் பிடித்தது அந்தச் செடிதான்; மயில் அதன் நிழலில் குடும்பம் நடத்துகிறது. பக்கத்துக் காட்டிலேயே மக்காச்சோளம் விளைந்து நிற்கிறது.

மயில் செய்கிற சேதத்தைப் புரிந்துகொள்ள மானாவாரி விதைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கரிசல் மண் நனைந்துவிட்டால் காலை விடாது, டிராக்டர் இறங்காது. அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து இருப்பார்கள். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைப்பதும் இந்த முன்பருவ விதைப்பைத்தான். விதை சுமார் 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும். மழை சொன்ன நேரத்தில் பெய்தால் சில நாளில் முளை வெளியே வந்துவிடும். பிந்தினால் விதை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். அந்தக் காத்திருப்பு நாட்கள்தான் மயிலின் நாட்கள்.

விடியலில் விதைப்புக் காட்டின் ஓரம் நின்று பார்த்தால் தெரியும். பெட்டை மயில்கள் உழவுச்சாலை ஒட்டியே நடக்கும். ஒரு காலால் மண்ணைப் பின்னுக்குக் கிளறும், கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு கொத்து. இரண்டு எட்டு வைத்து மறுபடியும் கிளறும். விதை விழுந்த வரிசை அதற்குப் பிடிபட்டுவிட்டால் சால் தப்பாது. வெயில் ஏறியதும் சீமைக்கருவேலத்துக்குள் போய்விடும். சாயங்காலம் திரும்ப வரும். முளைவிட்ட உளுந்தையும் பாசிப்பயறையும் பிடுங்கும். மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும்போது இன்னொரு முறை இறங்கும். நடுவில் உள்ள வாரங்களில் அது பூச்சியையும் கரையானையும் தின்றுகொண்டு திரிகிறது. ஆக, ஆபத்து ஆண்டு முழுவதும் இல்லை. விதைப்பில் ஒன்று, கதிரில் ஒன்று என இரண்டு தவணைதான். காவலையும் செலவையும் அந்த இரண்டு தவணைக்குள் குவிக்க வேண்டும்.

காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக மின்னும் நாடாவைக் கம்புகளுக்கு இடையே முறுக்கிக் கட்டுகிறார்கள். காற்றில் அது அடிக்கிற ஓசையும் பளபளப்பும் பறவையை மிரட்டும். ஆனால் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் பலிக்காது. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மயில் கண்டுகொள்ளும். அதனால் விதைத்த அன்றே கட்ட வேண்டும், முளை தேறியதும் அவிழ்த்துவிட வேண்டும். கையால் விசிறிய விதை மேலேயே கிடக்கும். விதைப்புக் கருவியால் ஆழத்தில் போட்டு மூடிய விதை அவ்வளவு சீக்கிரம் அகப்படாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஊர் முழுக்க ஒரே வாரத்தில் விதைப்பது. ஒருவர் மட்டும் முந்தினாலும் பிந்தினாலும் சுற்றுவட்டார மயிலெல்லாம் அவர் காட்டில்தான் கூடும்.

விஷம் கலந்த தானியம் வைப்பது இங்கே நடக்கிறது; மயில்கள் செத்துக் கிடக்கும் செய்தியும் அவ்வப்போது வருகிறது. முதல் அட்டவணைப் பறவையைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தானியத்தை ஆடும் தின்னும், கௌதாரியும் தின்னும், செத்ததைத் தின்னும் நாயும் சாகும். எந்தக் கஷ்டத்திலும் அதைச் செய்யக் கூடாது.

அமெரிக்காவில் புளோரிடாவின் பைன்க்ரெஸ்ட் ஊரில், யாரோ அழகுக்காகக் கொண்டுவந்த மயில்கள் பெருகிப்போய், 2023இல் ஆண் மயில்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்யத் திட்டமிட்டார்கள். ஓர் ஆண் மயில் பல பெட்டைகளோடு கூடும். அறுவை செய்துகொண்ட ஆணும் தன் எல்லையை விட்டுக்கொடுக்காது. அதனால் அங்கே இடும் முட்டைகள் பொரிக்காது. நல்ல யோசனைதான். ஆனால் அது ஒரு சிற்றூரின் எண்ணக்கூடிய மயில்களுக்கு. குருமலைக் காட்டிலிருந்து விளாத்திகுளம் வரை ஓடைக்கு ஓடை திரியும் மயில்களைப் பிடித்து அறுவை செய்வது நடக்கிற காரியமில்லை.

தேசியப் பறவைக்குத் தீனி போடும் செலவு, மழையை நம்பி நாலு ஏக்கர் விதைக்கிறவர் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் சம்சாரிகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2026 காரீப் பருவம் முதல் நடைமுறை. எந்தெந்த விலங்கு என்று அறிவிக்க வேண்டியது மாநில அரசு. அந்தப் பட்டியலில் காட்டுப்பன்றியோடு மயிலும் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலையும் இப்போதே தீர்க்க வேண்டும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில் படத்தோடு புகார் பதிய வேண்டுமாம். பன்றி உழப்பிய காட்டைப் படம் எடுக்கலாம். காய்ந்த மண்ணுக்குள் கிடந்த விதையை மயில் தின்றது, மழை பெய்து முளை வராதபோதுதான் தெரியும்; அதற்குள் இரண்டு வாரம்கூடப் போயிருக்கும். முன்பருவ மானாவாரி விதைப்புக்கு அந்தக் கெடுவை மழை பெய்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.