பழைய பாடல்களுக்கு ஒரு தேர்தல்: எண்ணப்படுவது எவர் வாக்கு, நிலைப்பது எவர் பெயர்?

2002-ஆம் ஆண்டின் இறுதியில் பிபிசி உலக சேவை, தான் தொடங்கப்பட்டதன் 70-ஆம் ஆண்டையொட்டி, உலகின் மிகச்சிறந்த பாடல் எது என்று தன் நேயர்களிடம் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. முதலிடம் பெற்றது, உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்' என்னும் அயர்லாந்து விடுதலைப் பாடல். இரண்டாமிடம் 'வந்தே மாதரம்'. மூன்றாமிடம் 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காமிடத்தில் இளையராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு' இருந்தது. ஐந்தாமிடத்தில் ஈழப் பாடகர் திருமலை சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' இருந்தது. மேற்குலகப் பாப் இசையின் மணிமுடியாகக் கருதப்படும் குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாமிடத்தில் நின்றது.

இந்த முடிவைப் பலர் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டனர். ஆயினும் வாக்குரிமை, பிரதிநிதித்துவம் ஆகியவற்றைப் பற்றிச் சிந்திப்போருக்கு இத்தகைய இசைத் தேர்தல்கள் நல்ல பாடநூல்கள். சட்டமன்றத் தேர்தலில் பணமும் அதிகாரமும் மறைத்துவிடும் விதிகளின் வேலை, பாட்டுத் தேர்தலில் வெளிப்படையாகத் தெரிகிறது.

அணிதிரட்டல் குற்றமா?

அயர்லாந்துப் பாடல் முதலிடம் பெற்றதற்குப் பின்னால் மின்னஞ்சல் வழியாக நடந்த தீவிரப் பரப்புரை இருந்தது. முதல் ஐந்து இடங்களில் இருப்பவற்றை நோக்கினால், பெரும்பாலானவை ஒரு நாட்டையோ ஒரு மக்கள் திரளையோ தம் அடையாளமாகக் கொண்டவை. 'பொஹீமியன் ராப்சடி'யை விரும்புவோர் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கலாம்; ஆனால் அதற்கு வாக்களித்தே தீரவேண்டும் என்னும் உந்துதல் அவர்களுக்கு இல்லை. இடம்பெயர்க்கப்பட்ட ஒரு சமூகத்துக்கோ அந்த உந்துதல் உண்டு. தன் குரல் பதிவாகும் ஒரே இடமாக அத்தேர்தலை அது காண்கிறது. வாக்கெடுப்பு விருப்பத்தின் பரப்பை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. நடைமுறையில் அது அணிதிரண்ட விருப்பத்தையே அளக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ட்ரிபிள் ஜே வானொலி ஆண்டுதோறும் 'ஹாட்டஸ்ட் 100' என்னும் வாக்கெடுப்பை நடத்துகிறது. 2015 சனவரியில் டெய்லர் ஸ்விஃப்டின் 'ஷேக் இட் ஆஃப்' பாடலுக்கு ஆதரவாக இணையத்தில் பெரும் பரப்புரை நடந்தது. வணிக நிறுவனம் ஒன்றும் அதைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. வானொலி அப்பாடலைப் போட்டியிலிருந்து நீக்கியது. வணிகத் தலையீடு இருந்ததால் அம்முடிவுக்கு நியாயம் சொல்லலாம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: எந்த அணிதிரட்டல் 'மக்கள் எழுச்சி', எந்த அணிதிரட்டல் 'முறைகேடு' என்று தீர்மானிக்கும் அதிகாரம் வாக்காளரிடம் இல்லை, தேர்தலை நடத்துவோரிடம் இருக்கிறது. தலித் மக்கள் ஒன்றுசேர்ந்து வாக்களித்தால் அதைச் 'சாதி வாக்கு' என்றும், ஆதிக்கச் சாதியினர் அவ்வாறே செய்தால் 'தொகுதியின் மனநிலை' என்றும் எழுதும் ஊடக மொழியை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

விலக்கும் விதி இல்லாமலே விலக்கப்படுதல்

2009-இல் அதே வானொலி, ஓராண்டின் பாடல்களை விடுத்து, எல்லாக் காலத்துக்குமான 100 பாடல்களைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடத்தியது. நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' முதலிடம் பெற்றது. அந்த 100 பாடல்களில் தனிப் பெண் கலைஞர் ஒருவருடைய பாடல்கூட இல்லை. ஓரிரு குழுப் பாடல்களில் விருந்தினர்களாக வந்த பாடகியரின் குரல் ஒலித்தது, அவ்வளவே. பெண்களுக்கு வாக்களிக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. வாக்களித்தோரில் பெண்களும் இருந்தனர். பிறகு எப்படி இது நேர்ந்தது?

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 100 பேர் வாக்களிக்கிறார்கள்; ஒவ்வொருவருக்கும் 10 வாக்குகள் என்று கொள்வோம். 60 பேர் ஒரே 10 பாடல்களுக்கும், 40 பேர் வேறு 10 பாடல்களுக்கும் வாக்களிக்கிறார்கள். முடிவு என்னவாகும்? முதல் பத்து இடங்களும் 60 பேரின் பாடல்களுக்கே போகும். 40 விழுக்காட்டினருக்குக் கிடைப்பது நான்கு இடங்களல்ல, சுழியம். இன்னும் ஒருபடி மேலே போகலாம். 30 பேர் ஒரே பட்டியலுக்கு வாக்களித்து, எஞ்சிய 70 பேரின் வாக்குகள் பல நூறு பாடல்களுக்குச் சிதறினால், அந்த 30 பேரே பத்து இடங்களையும் கைப்பற்றுவர்.

பழைய பாடல்களுக்கான வாக்கெடுப்பில் இந்தச் சிதறல் தற்செயலாக நிகழ்வதில்லை. எவை 'காலத்தால் அழியாதவை' என்பதை வானொலிகளும் இதழ்களும் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியும் எழுதியும் முன்பே வரையறுத்துவிட்டன. அந்த வரையறைக்குள் இருக்கும் பாடல்களுக்கு வாக்குகள் குவிகின்றன. வெளியே இருப்பவற்றுக்குச் சிதறுகின்றன. ஒவ்வொரு வாக்குக்கும் சம எண் உண்டு. சம மதிப்பு இல்லை. அரசியலில் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு, சமூக வாழ்விலோ சமமின்மை என்னும் முரண்பாட்டுக்குள் நாம் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தது இதன் வேரைத்தான்.

வாக்காளர் மாறினால்

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2004-இல் 500 சிறந்த பாடல்களின் பட்டியலை வெளியிட்டது. வாக்களித்தோர் பொதுமக்கள் அல்லர். இசைக்கலைஞர்கள், விமர்சகர்கள் முதலிய 172 பேர். முதல் மூன்று இடங்களில் பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ், ஜான் லெனன். 2021-இல் அப்பட்டியல் புதிதாகத் தயாரிக்கப்பட்டது. இம்முறை 250-க்கும் மேற்பட்டோர், இளைய தலைமுறையினரும் பல்வேறு இசை வகைகளைச் சேர்ந்தோருமாக, வாக்களித்தனர். முதலிடத்துக்கு அரீதா ஃபிராங்க்ளின் 1967-இல் பாடிய 'ரெஸ்பெக்ட்' வந்தது. இரண்டாமிடம் பப்ளிக் எனிமியின் 'ஃபைட் தி பவர்'. மூன்றாமிடம் சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்'. மூன்றும் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள். மூன்றும் மரியாதையையும் உரிமையையும் பேசுபவை. பட்டியலில் பாதிக்கும் மேற்பட்டவை 2004-இல் இல்லாதவை.

இப்பாடல்கள் 2004-க்கும் 2021-க்கும் இடையில் திடீரென மேன்மை அடைந்துவிடவில்லை. மாறியது வாக்காளர் பட்டியல், மாறியது காலம். 'தகுதி' என்னும் சொல் இடஒதுக்கீட்டு விவாதங்களில் ஆயுதமாக எறியப்படும் ஒவ்வொரு முறையும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. தகுதியை அளப்பவர் யார் என்பது மாறும்போது, தகுதியின் வரிசையும் மாறுகிறது.

முன்மொழிபவர் ஒருவர், முடிவு செய்பவர் மற்றொருவர் என்னும் சிக்கலும் நமக்குப் பழக்கமானதே. 1932-இன் பூனா ஒப்பந்தப்படி, ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் முதலில் நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர். இறுதிச் சொல் பெரும்பான்மையிடம் இருந்தால், வெல்பவர் பெரும்பான்மைக்கு உகந்தவராகவே இருப்பார் என்பது அம்பேத்கரின் விமர்சனம். கானா, ஒப்பாரி, பறையிசை ஆகியவற்றைப் போட்டிக்கு அனுமதித்துவிட்டு, இறுதி வாக்கை அவற்றைக் கேட்டுப் பழகாத அவையிடம் கொடுப்பதும் அதே ஏற்பாடுதான்.

வென்ற பாடலில் யார் பெயர்?

பிபிசி பட்டியலில் நான்காமிடம் பெற்ற பாடலின் அருகே இளையராஜாவின் பெயர் இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவரின் பெயர் உலகப் பட்டியலில் ஏறியது பெருமைக்குரியது. 1991-இல் வெளிவந்த 'தளபதி' படத்தின் அப்பாடலை எழுதியவர் வாலி, பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் சுவர்ணலதாவும். வாசித்த இசைக்கலைஞர்களின் பெயர்களை அறிந்த ரசிகர்கள் மிகச் சிலரே. வாக்கு பாடலுக்கு விழுகிறது. பெயர் மேலே இருப்பவருக்குச் சேர்கிறது.

இங்கே சட்டத்துக்கு வருவோம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் நிகழ்த்துக் கலைஞருக்குத் தனி உரிமை எதுவும் இல்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் 1995 மே 10 அன்று நடைமுறைக்கு வந்த பிறகே அது பிறந்தது. ஆகவே நாம் இன்று 'பொற்காலப் பாடல்கள்' என்று கொண்டாடுபவற்றில் பெரும்பகுதி, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சட்டப்படி உரிமையே இல்லாத காலத்தில் பதிவானவை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் முன்னே சென்றது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகையை எழுதிக்கொடுத்தும் இழக்க முடியாதவாறு 18-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துக் கலைஞருக்கு உரிமைத்தொகை உண்டு என்று 38ஏ பிரிவும், தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமை உண்டு என்று 38பி பிரிவும் கூறின.

அதே திருத்தம் 2-ஆம் பிரிவின் (க்யூக்யூ) உட்பிரிவில் ஒரு வரம்பையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரின் நிகழ்த்துதல் தற்செயலானதாக அல்லது துணை நிலையிலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படாததாகவும் இருந்தால், அவர் 'நிகழ்த்துக் கலைஞர்' ஆகக் கருதப்படமாட்டார். தம் நிகழ்த்துதல் சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு எஞ்சும்.

இதன் பொருளைக் கூர்ந்து கவனியுங்கள். பெயர் போடாத வழக்கமே, பெயர் கேட்கும் உரிமையை மறுப்பதற்கான காரணங்களுள் ஒன்றாகிறது. இரு நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தினால்தான் விலக்கு செல்லும். பாடலின் தாளத்தையே தாங்கும் பறையையோ உறுமியையோ 'துணை நிலை' என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அதை வாதிடுவதற்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் ஒருநாள் கூலிக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்கப்பட்டு, ஒப்பந்தமின்றி வாசித்துத் திரும்பும் கலைஞர், தாம் வாசித்தோம் என்பதற்கே சான்று தேட வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியவை

கல்லூரி விழாக்களிலும் இயக்க நிகழ்வுகளிலும் பழைய பாடல்களுக்கான வாக்கெடுப்பு நடத்துவோர் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். போட்டிக்குரிய பாடல்களை முன்மொழிபவர் யார்? வாக்களிக்கும் அவையில் யார் இல்லை? அதிக வாக்கு பெற்றவற்றை வரிசையாக அடுக்கினால் போதுமா, வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பகிர வேண்டுமா? வென்ற பாடலை அறிவிக்கும்போது எழுதியவர், பாடியவர், வாசித்தவர் பெயர்களைச் சேர்த்து அறிவிக்கிறோமா?

ஒலிப்பதிவுக்குச் செல்லும் கலைஞர்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் எளியது: தேதி, படத்தின் பெயர், வாசித்த கருவி, பெற்ற தொகை ஆகியவற்றை எழுதி வையுங்கள், பெயர்ப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நாளை அப்பாடல் 'காலத்தால் அழியாதது' என்று வாக்கு பெறும்போது, அந்த ஒரு தாள் உங்கள் பெயரையும் அழியாமல் காக்கும்.