பஞ்சாயத்தே கரண்ட் தயாரிக்கலாமா? எக்ஸெலில் போட்டுப் பார்ப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்பதுதான். சிவகாசி, விருதுநகர் பக்கத்து வாசகர்கள் இன்னொன்றும் சேர்த்துக் கேட்பார்கள்: "யு.பி.எஸ். எத்தனை நிமிஷம் தாங்கும்?"

கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்தில் பட்டாசு வேலை பெரும்பாலும் கையால், பகல் வெளிச்சத்தில் நடப்பது. அச்சுத் தொழில் அப்படி இல்லை. ஆப்செட் மெஷினும் டிசைன் செய்யும் கம்ப்யூட்டரும் மின்சாரம் இல்லாமல் அசையாது. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012-ல் ஆடிப்பெருக்குக்கு முன்பு, ஒரு காலண்டருக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்து நான் செய்த லே-அவுட் ஒரே நொடியில் காணாமல் போனது. யு.பி.எஸ். பேட்டரி கிழடு தட்டிவிட்டதை நான் கவனிக்கவில்லை. இடையில் ஒரு முறைகூட சேவ் செய்யவும் இல்லை. தப்பு என்னுடையதுதான்!

முதல் கேள்விக்கு வருவோம். எல்.சி.டி. மானிட்டருடன் ஒரு சாதாரண டெஸ்க்டாப் சுமார் 120 வாட் எடுக்கும். தினமும் 5 மணி நேரம் ஓடினால் 600 வாட்-மணி, அதாவது 0.6 யூனிட். மாதம் 18 யூனிட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் ஊராட்சியின் பில்லை நினைத்துப் பாருங்கள். தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் எல்லாம் ஊராட்சிக் கணக்கில்தான் ஓடுகின்றன. அந்த பில் ஏறினால், சாலைக்கும் சாக்கடைக்கும் போக வேண்டிய பணம் கரண்டுக்குப் போய்விடும்.

இதே சிக்கலில் மாட்டிய ஒரு ஊராட்சி, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை. ஆர்.சண்முகம் அங்கே தலைவராக இருந்தபோது குடிநீர்த் திட்டம் வந்தது. கூடவே பில்லும் எகிறியது. மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்ச ரூபாயுடன் வங்கிக் கடனும் சேர்த்து, மொத்தம் 1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிவிட்டார்கள்! 2006-ல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் அது சுற்றத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

காற்றாலை ஒரு ஊரில், தேவை வேறு ஊரில், இது எப்படி என்கிறீர்களா? ஏ.டி.எம். மாதிரிதான். ஒரு கிளையில் போட்ட அதே நோட்டா இன்னொரு கிளையில் வருகிறது? மின்சாரமும் பொதுக் கம்பியில் கலந்துவிடும். இங்கே எவ்வளவு போட்டோம், அங்கே எவ்வளவு எடுத்தோம் என்பதை மீட்டர் பார்த்துக்கொள்ளும்.

எக்ஸெலைத் திறந்து 350-ஐ 24-ஆல் பெருக்கி, மறுபடி 365-ஆல் பெருக்குங்கள். 30.66 லட்சம் வரும். ஆனால் கிடைத்தது 6.75 லட்சம், அதாவது 22 சதவீதம். மெஷினில் கோளாறு இல்லை. நம் ஊரில் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக அடிக்கும். காற்றாலை விற்பவர் "350 கிலோவாட்" என்று சொன்னதும் மயங்கிவிடாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேட்க வேண்டும். காற்றுக் காலத்து உபரியை வரவு வைத்து மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதியும், 2018-க்குப் பிறகு வந்த ஆலைகளுக்குச் சுருங்கிவிட்டது.

கந்தக பூமியில் காற்றை விட வெயில் நிச்சயம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தது சும்மா இல்லை. ஒரு கிலோவாட் சோலார் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். ஓடந்துறை அளவு தேவைக்கு 300 கிலோவாட் போட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும். இடம் ஒன்றரை ஏக்கர் போதும்.

அமெரிக்காவில் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். மாசசூசெட்ஸ் 1997-லும் கலிபோர்னியா 2002-லும் இதற்குச் சட்டம் போட்டன. பல ஊர் நிர்வாகங்கள் கூட்டாகச் சேர்ந்து, தம் மக்களுக்கான மின்சாரத்தைத் தாமே பேரம் பேசி வாங்கும். கம்பியும் பில்லும் பழைய கம்பெனியிடமே இருக்கும். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் மரின் பகுதி 2010-ல் முதலில் தொடங்கியது.

நம் வீடுகளுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. 2003 மின்சாரச் சட்டம், ஒரு மெகாவாட்டுக்கு மேல் எடுப்பவர்களுக்குத்தான் வெளியில் வாங்கும் வழியைத் திறந்தது. ஆனால் 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், பசுமை மின்சாரத்துக்கு அந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. மறு ஆண்டுத் திருத்தத்தில், ஒரே மின் கோட்டத்துக்குள் இருக்கும் பல இணைப்புகளைக் கூட்டிக் காட்டவும் வழி வந்தது. 7.5 குதிரைத்திறன் மோட்டார் 5.6 கிலோவாட் எடுக்கும். 18 மோட்டார் சேர்ந்தால் 100 கிலோவாட்டைத் தாண்டிவிடும். ஒரு சிறிய ஊராட்சிக்கு இது எட்டாது. நாலைந்து ஊராட்சிகள் சேர்ந்தால் எட்டும். கம்பி வாடகை, கூடுதல் கட்டணம் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் விதிப்பதையும் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும். பல திட்டங்கள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா? ஒரு ஷீட் தயார் செய்யுங்கள். முதல் பத்தியில் இணைப்பு எண், இரண்டாவதில் மோட்டாரா விளக்கா, மூன்றாவதில் குதிரைத்திறன், அடுத்து யூனிட், ரூபாய். கடைசி வரியில் ஆட்டோசம் பட்டனை ஒரு கிளிக். பில் விவரத்தை ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம், கிராம சபையிலும் கேட்கலாம். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை என்று தமிழக அரசு அறிவித்தது. பக்கத்து ஊரிலும் ஒருவர் இதே ஷீட்டைத் தயார் செய்தால், இரண்டையும் ஒரே பைலில் ஒட்டிக் கூட்டிப் பாருங்கள். பிரிண்ட் எடுக்கும்போது பக்கத்தை 'லேண்ட்ஸ்கேப்' ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ரூபாய்ப் பத்தி அடுத்த தாளுக்கு ஓடிவிடும். அதற்கு முன்பு, கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து ஒரு தட்டு!