ஆட்டங்களின் நிறையும் குறையும்

புதிதாக ஒரு நூல் வெளிவந்தால், அதனைக் கற்று ஆராய்ந்து, அதன் நிறையையும் குறையையும் நடுநின்று எடுத்துரைப்போர் உளர். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இசையரங்கிற்கும் அவ்வாறே மதிப்புரை எழுதுவோர் உளர். தொலைக்காட்சித் திரையில் சிறுவர் ஆடும் வீடியோ விளையாட்டிற்கோ தொடக்கத்தில் அத்தகைய மதிப்புரை எழுதும் வழக்கமே இல்லை. அவ்வழக்கம் அமெரிக்க நாட்டில் எவ்வாறு தோன்றியது, அதனை மேற்கொண்டோர் எத்தகைய இடர்ப்பாடுகளை எதிர்கொண்டனர் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடத்தக்க ஆட்டப் பெட்டியை முதன்முதல் அமைத்த பெருமை ரால்ஃப் பேயர் என்னும் பொறியியல் அறிஞரைச் சாரும். அவர் கண்ட அமைப்பு 1972-ஆம் ஆண்டில் மாக்னவாக்ஸ் ஒடிசி என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் பாங் என்னும் பந்தாட்டத்தைப் பொது இடங்களில் வைத்துப் புகழ் பெற்றது. 1975-இல் அது வீட்டிற்கும் வந்தது. ஆயினும் அப்பெட்டியினுள் இருந்தது அவ்வோர் ஆட்டமே. தேர்ந்தெடுக்க வேறு ஒன்றும் இல்லாத இடத்தில் மதிப்புரைக்கு இடம் ஏது?

1976, 1977 ஆகிய ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஆட்டத்தைப் பெட்டியினின்றும் பிரித்துக் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பேழையில் அடைத்து விற்கும் முறை வந்தது. (நம் நாட்டில் பின்னாளில் இப்பேழையைச் சிறுவர் ‘கேசட்’ என்றே வழங்கினர்.) 1977-இல் அட்டாரி வெளியிட்ட பெட்டியின் விலை ஏறத்தாழ 200 டாலர். பேழை ஒவ்வொன்றையும் தனியே விலை கொடுத்து வாங்குதல் வேண்டும். துணி வாங்குவோன் அதனைத் தொட்டுப் பார்க்கலாம். நூல் வாங்குவோன் நான்கு பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். பேழையை எவ்வளவு நேரம் உற்று நோக்கினும் உள்ளிருக்கும் ஆட்டம் எத்தகையது என்பது விளங்காது. அதனைப் பொதிந்த அட்டையின்மீதோ வண்ண ஓவியம் ஒளிவீசும். விண்கலங்கள் தீ உமிழ்ந்து பாய்வதும், வீரர் வாளேந்தி நிற்பதும் ஆங்குக் காணப்படும். வீட்டிற்குக் கொணர்ந்து பெட்டியில் செருகினால், திரையில் தோன்றுவன சில சதுரங்களும் சில கோடுகளுமே! ஓவியத்தை நம்பி வாங்கிய சிறுவன் ஏமாற்றமுறாமல் என்செய்வான்? அவனுக்கு முன்பே ஆடிப் பார்த்து உண்மையுரைக்கும் ஒருவர் வேண்டியிருந்தார்.

அப்பணியை மேற்கொண்டவருள் பில் கங்கல், ஆர்னி காட்ஸ் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். ‘வீடியோ’ என்னும் இதழில் 1979-ஆம் ஆண்டு முதல் ‘ஆர்க்கேட் ஆலி’ என்னும் பகுதியை அவர்கள் எழுதிவந்தனர். பின்னர், 1981-இல் ஜாய்ஸ் வோர்லி என்னும் அம்மையாரோடு கூடி ‘எலெக்ட்ரானிக் கேம்ஸ்’ என்னும் தனி இதழையே தொடங்கினர். இம்மூவரும் அதற்கு முன்னர் அறிவியற் புனைகதை அன்பர்கள் தமக்குள் நடத்திவந்த சிற்றிதழ்களில் எழுதிப் பழகியவர்கள். அச்சிற்றிதழ்களில் எழுதுவோரும் படிப்போரும் ஒரே இனத்தவர். ஒளிவு மறைவின்றி வாதிடுவது அவர்கள் இயல்பு. அவ்வியல்பு ஆட்ட மதிப்புரையிலும் கலந்தது நற்பேறே எனலாம்.

ஆட்டத்தை மதிப்பிடுதல் நூலை மதிப்பிடுதலினும் அரிது. கதையை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை படித்தால் நூல் முடிந்தது. ஆட்டமோ ஆடுவோன் திறத்திற்கேற்ப வேறுபடும். வல்லவனுக்கு எளிதாய்த் தோன்றும் ஒன்று, புதியவனுக்குத் தடையாய் நிற்கும். முதல் நாள் இனித்து மூன்றாம் நாள் சலிக்கும் ஆட்டமும் உண்டு. முதலில் கசந்து, பழகப் பழக இனிப்பதும் உண்டு. ஆகவே மதிப்புரையாளர் பன்முறை ஆடிப் பார்த்தல் வேண்டும். படம் தெளிவாக உள்ளதா, ஒலி பொருந்துகிறதா, பிடியை அசைத்தவுடன் திரையிலுள்ள உருவம் அசைகிறதா, மீண்டும் ஆடுவதற்கு மனம் விழைகிறதா என்றெல்லாம் நோக்குதல் வேண்டும். இவற்றுள் இறுதி வினாவே தலையாயது என்பது என் கருத்து.

நூலுக்கு ஆசிரியர் பெயர் உண்டு. அட்டாரியின் ஆட்டங்களில் அக்காலத்தில் ஆக்கியோன் பெயர் பொறிக்கப்படவில்லை. நிறுவனத்தின் பெயர் ஒன்றே விளங்கியது. வாரன் ராபினெட் என்பார் தாம் ஆக்கிய ‘அட்வென்சர்’ என்னும் ஆட்டத்தில், எவரும் எளிதிற் காணவியலாத அறை ஒன்றனை அமைத்து, அதனுள் தம் பெயரை மறைத்து வைத்தார். அவர் நிறுவனத்தை விட்டு நீங்கிய பின்னர், 15 வயதுச் சிறுவன் ஒருவன் அதனைக் கண்டறிந்து நிறுவனத்திற்கு மடல் எழுதினான்! இந்நிலை பொறாது வெளியேறிய வேறு நால்வர் 1979-இல் ஆக்டிவிஷன் என்னும் புதிய நிறுவனம் தோன்றத் துணைநின்றனர். அந்நிறுவனம் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அதனை ஆக்கியோன் பெயரை வெளிப்படையாகக் குறித்தது. இதனால் மதிப்புரைக்கும் ஒரு நன்மை விளைந்தது. ‘இவர் முன்னர் ஆக்கிய ஆட்டத்தினும் இது சிறந்ததா?’ என்று வினவுவதற்கு அதன் பின்னரே வழி பிறந்தது.

மதிப்புரையாளரின் நடுவுநிலைமை பெரிதும் ஆராயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ‘பாக்-மேன்’ வரலாறு. ஜப்பானியர் ஆக்கிய இவ்வாட்டம் 1980-இல் பொது இடங்களில் தோன்றி உலகெங்கும் பரவியது. சிக்கலான பாதைகளினூடே ஒரு வாய் புள்ளிகளை விழுங்கிச் செல்லும். நான்கு பேயுருவங்கள் அதனைத் துரத்தும். 1982-ஆம் ஆண்டில் அட்டாரி இதனை வீட்டுப் பெட்டிக்கும் ஏற்றவாறு அமைத்து விற்றது. வாங்கியவர் திரையில் கண்டதோ வேறொரு காட்சி. பாதைகள் மாறியிருந்தன, வண்ணம் மங்கியிருந்தது, ஒலி செவிக்கு இனிமையாக இல்லை. பேயுருவங்கள் மின்மினிபோல் தோன்றித் தோன்றி மறைந்தன. மதிப்புரையாளர் இக்குறைகளை எடுத்துரைத்தனர்.

இக்குறைக்குக் காரணம் யாது? அப்பெட்டியின் நினைவகம் 128 பைட்டு அளவே. ஆங்கிலத்தில் 128 எழுத்துகளை எழுதினால் அவ்விடம் நிரம்பிவிடும். பாங் போன்ற எளிய ஆட்டங்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டதாதலின், திரையின் ஒரு வரியில் ஆடுவோர் உருவங்கள் இரண்டனை வரைதலே அதற்கு இயல்பு. வாயும் நான்கு பேய்களுமாக ஐந்து உருவங்கள் வேண்டும். ஆதலின் டாட் ஃபிரை என்னும் நிரலாசிரியர் பேய்களை முறைவைத்து மாறி மாறித் தோன்றச் செய்தார். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு பேயும் 15 முறையே தோன்றியது. அதனாலேயே மினுமினுப்பு. பேழையின் அளவும் 4 கிலோபைட் என வரையறுக்கப்பட்டிருந்தது.

‘பொறியின் எல்லை இதுவாயின், ஆக்கியோனைக் குறை கூறுதல் தகுமோ?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். எனினும் பணம் கொடுத்தவன் பொறியின் எல்லையையா வாங்கினான்? அவன் வாங்கியது ஆட்டத்தை. மேலும், அடுத்த ஆண்டில் ‘மிஸ் பாக்-மேன்’ என்னும் ஆட்டம் அதே பெட்டிக்கு வந்தது. அதன் பேழை 8 கிலோபைட்; அதில் பேயுருவங்கள் பெரிதும் தெளிவாக விளங்கின. பெட்டி மாறவில்லை, பேழைக்குச் செலவிட்ட பொருளும் கருத்துமே மாறின. ஆகவே முதல் ஆட்டத்தைக் குறை கூறிய மதிப்புரையாளர் பிழை செய்தாரல்லர். ஆனால், அக்குறையுரை விற்பனையைத் தடுத்ததோ எனின், இல்லை. அவ்வாண்டில் 70 இலட்சம் பேழைகளுக்குக் குறையாமல் விற்றன. புகழ்பெற்ற பெயர் ஒன்றே போதுமானதாயிற்று.

அவ்வாண்டின் இறுதியில் ‘ஈ.டி.’ என்னும் திரைப்படத்தைத் தழுவிய ஆட்டம் வந்தது. அதனை ஆக்கிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா திறமற்றவர் அல்லர். ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ என்னும் அவர்தம் முந்திய ஆட்டம் பாராட்டப்பெற்றது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு எட்டவேண்டி, அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரங்களே. ஆடுவோன் மீண்டும் மீண்டும் குழிகளில் விழுந்து இடர்ப்பட்டான். திங்களிதழ் எழுதி அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் பண்டிகை கழிந்துவிடும். ஆகையால் எச்சரிக்கை வேண்டிய நாளில் எச்சரிக்கை வந்து சேரவில்லை. விற்காத பேழைகள் 1983-இல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரில் மண்ணில் புதைக்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஈ.டி.யும் வேறு பல ஆட்டங்களும் வெளிப்பட்டன.

தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்தமையால் மக்கள் வெறுப்புற்றனர். அமெரிக்காவில் 1983-இல் ஏறத்தாழ 300 கோடி டாலராக இருந்த வீட்டு ஆட்ட வாணிகம், 1985-இல் 10 கோடி அளவிற்குச் சுருங்கியது என்பர். ‘எலெக்ட்ரானிக் கேம்ஸ்’ இதழும் அவ்வாண்டோடு மறைந்தது. ஆட்டம் விற்கும் நிறுவனங்களின் விளம்பரமே இவ்விதழ்களுக்கு உணவு. உணவு அளிப்பவனையே கண்டித்தெழுதும் கடமையும் அவற்றுக்கு இருந்தது! இம்முரண்பாடு எளிதில் தீர்வதன்று. 1988-இல் நின்டெண்டோ நிறுவனம் தானே ஓர் இதழை அமெரிக்காவில் நடத்தத் தொடங்கியபோது, விற்பவனும் மதிப்பிடுபவனும் ஒருவனே ஆயினர்.

ஜப்பானில் வேறொரு முறை கையாளப்பட்டது. அங்கு 1986-இல் தோன்றிய ‘ஃபாமிட்சு’ என்னும் இதழ், ஓர் ஆட்டத்தை நால்வரிடம் ஒப்படைத்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே ஆடி, பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுவர். நான்கும் சேர்ந்து நாற்பது. ஒருவர் ஒன்பது அளிக்க மற்றொருவர் ஐந்து அளிப்பினும், இரண்டும் அருகருகே அச்சேறும். வாங்க எண்ணுவோன் அவ்வேறுபாட்டைக் கண்டு தானே முடிவு செய்துகொள்ளலாம். நால்வரும் ஒருமித்து நாற்பதுக்கு நாற்பது வழங்கிய முதல் ஆட்டம் ‘செல்டா’ வரிசையுள் ஒன்று. அது வெளிவந்தது 1998-இல். இதழ் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.