தங்கவயல் நினைவுகள் – 17: ஜட்காக் குதிரையின் கண்

சென்ற வாரம் மாரிக்குப்பம் ரயிலடியோடு நிறுத்தியிருந்தேன். இன்று பங்காருப்பேட்டை என்று வழங்கும் பௌரிங்பேட்டையிலிருந்து 1894-இல் இருப்புப்பாதை வந்த பிறகும், 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்த பிறகும், ரயிலை விட்டிறங்கிய ஜனங்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்கும் காரியம் நெடுங்காலம் ஜட்காக் குதிரைகளின் தோளில்தான் இருந்தது. அந்தக் குதிரைகளுள் ஒன்றின் கண்ணைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டும்.

எங்கள் லைன் வீட்டு வரிசையின் கடைசியில் ஒரு வண்டிக்காரர் இருந்தார். ஆடிக் காற்றில், பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண்ணாலான சயனைடு மேட்டின் வெள்ளைப் பொடி கிளம்பி, உலர்த்திய துணியிலும் சோற்றுப் பானையிலும் படியும் நாட்கள் அவை. ஒரு காலையில் அவருடைய பெண்குதிரை இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கன்னத்தில் நீர் வழிந்த கோடோடு நின்றது. தூசிதான் என்று எல்லோரும் தீர்மானித்தோம். உப்புத்தூளை ஊதச் சொன்னார் ஒருவர். வெற்றிலைச் சாற்றைப் பிழியச் சொன்னார் மற்றொருவர். இரண்டையும் அவர் கேட்கவில்லை. காய்ச்சி ஆறிய நீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்ததோடு சரி. அந்த நிதானம் பெரிய நன்மை செய்தது. ஆனால் மூன்று நாள் தாமதித்தது பிசகு. குதிரை கண்ணை இடுக்கினால் அது வலியின் அடையாளம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டிய விஷயம். கருவிழியில் பட்ட சிறு கீறல்கூட இரண்டொரு நாளில் ஆழ்ந்த புண்ணாகிக் கண்ணையே கொண்டுபோய்விடக்கூடும்.

மூன்றாம் நாள் கருவிழி நீலம் பாய்ந்து, நீர் கலந்த பால்போல் மங்கியிருந்தது. வெயிலில் தலையைத் திருப்பிப் பிடித்தபோது, நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். கண்ணுக்குள்ளே, கருவிழிக்கும் பாவைக்கும் நடுவிலுள்ள நீரில், வெண்மையான நூல் ஒன்று சுருண்டும் நீண்டும் நீந்திக்கொண்டிருந்தது.

இது புதிய வியாதி அன்று. அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் ஹாப்கின்சன், பிலடெல்பியா நகரத்தில் ஒரு குதிரையின் கண்ணில் உயிரோடு அசைந்த புழுவைக் கண்டு பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் காரணமான செட்டேரியா என்னும் புழுவுக்கு மாட்டின் வயிற்றறைதான் சொந்த வீடு. அங்கே அது பொதுவாகப் பெரிய கெடுதல் செய்வதில்லை. மாட்டின் ரத்தத்தில் திரியும் அதன் குஞ்சுகளைக் கொசு உறிஞ்சி, சில நாள் தன் உடம்பில் வளர்த்து, பிறகு குதிரையைக் கடிக்கும்போது அங்கே இறக்கிவிடுகிறது; அந்நிய உடலில் வழி தெரியாமல் அலையும் புழு சில சமயம் கண்ணிலும், சில சமயம் தண்டுவடத்திலும் போய்ப் புகுந்துவிடுகிறது. பின்னது நேர்ந்தால் குதிரையின் பின்கால்கள் தளர்ந்து தள்ளாடும். மாடும் குதிரையும் ஒரே கூரையடியில், சாக்கடை நீர் தேங்கும் சந்தில் கட்டப்பட்டிருந்த எங்கள் வரிசையில் இந்தச் சங்கிலிக்கு ஒரு கண்ணியும் குறைவில்லை.

வந்த வைத்தியர் சென்னை வேப்பேரிக் கல்லூரியில் படித்தவர். வைக்கோலைப் பரப்பி, கயிறு கட்டிக் குதிரையைச் சாய்த்து, மேலுதட்டைச் சுருக்குக் கயிற்றில் முறுக்கிப் பிடிக்கச் செய்து, மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கண்ணில் விட்டுக் காத்திருந்தார்.

“பெரியவரே, தலையை விட்டுடாதீங்க. அது பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க.”

“கண்ணு போயிடுமா டாக்டரய்யா?”

“புழு வந்துட்டா கண்ணு நிக்கும்.”

புழு முன்பக்கம் வரும் தருணம் பார்த்து, கருவிழியின் விளிம்பில் ஊசியால் ஒரே குத்து, கண்ணுக்குள்ளிருந்த நீர் பீறிட்டது, அதோடு, இரண்டங்குலம்கூட இல்லாத அந்த வெள்ளை நூலும் வெளியே வந்து வைத்தியரின் பஞ்சில் ஒட்டி நெளிந்தது. கண் சற்றுச் சப்பிப்போயிற்று. பயப்பட வேண்டாம், உள்ளே நீர் தானாக ஊறி நிறைந்துவிடும் என்றார்.

அதன் பிறகுதான் வண்டிக்காரரின் பிரயாசை தொடங்கிற்று. வைத்தியர் கொடுத்த அட்ரோபின் மருந்து பாவையை விரித்து வலியைத் தணிக்கும். விரிந்த பாவை வெயிலைத் தாங்காது. ஆகையால் கொட்டிலில் சாக்குப் படுதா தொங்கவிட்டு இருட்டாக்கினார். அந்த மருந்து மிகுந்தால் குடலின் அசைவு மந்தித்துக் குதிரைக்கு வயிற்றுவலி வரக்கூடும் என்பதால், தினமும் சாணத்தை எண்ணிப் பார்த்துக் கொள்ளைக் குறைத்துப் புல்லை அதிகமாக்கினார். கண்ணைத் தூணில் தேய்க்காதபடி பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

கண் சிவந்தால் யாரோ கொடுத்த மருந்துக் குழாயைப் பிதுக்கிவிடும் வழக்கம் இன்றும் இருப்பதால் ஒன்று சொல்லவேண்டும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து, அடிக்கடி திரும்பி வரும் உட்கண் அழற்சியில் பார்வையைக் காப்பாற்றுகிறது. அதே மருந்து கருவிழிப் புண்ணில் பட்டால் புண்ணை ஆறவிடாமல் கண்ணைக் கெடுத்துவிடும். ஃபுளோரசீன் என்னும் சாயத்தை ஒரு துளி விட்டுப் பார்த்தால் புண் உள்ள இடம் பச்சையாகத் தெரிந்துவிடும். அந்தச் சோதனை செய்யாமல் மருந்து போடுவது தகாது.

ஒரு மாதத்துக்குப் பிறகு வண்டி மறுபடி மாரிக்குப்பத்துக்குப் போயிற்று. நீலம் தெளிந்துவிட்டது, குத்திய இடத்தில் மட்டும் கடுகளவு வெண்மை நிலைத்துவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை எவ்வளவு மீண்டது என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாததால், இடப்பக்கமாக வரும்போதெல்லாம் வண்டிக்காரர் கை வைப்பதற்கு முன்னால் குரல் கொடுப்பார். குரல் கேட்டதும் அதன் இடது காது மட்டும் மெல்லத் திரும்பும். பிறகுதான் அவர் கழுத்தைத் தொடுவார்.