கழுத்து எனும் கணவாய் – 9
ஆந்தை குறுக்கிட்ட வாரம்

கண்டிப் பெரஹராவில் வெஸ் நடனம் ஆடுபவரின் கழுத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியரும் இரண்டு தடவை கேட்டுவிட்டார். என்ன செய்ய, குறுக்கே ஓர் ஆந்தை வந்து உட்கார்ந்துவிட்டது. இத்தொடரில் இதுவரை, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இரத்தக் குழாய்கள் கழுத்து வழியே மூளைக்கு ஏறுகின்றன என்பதுவரை வந்திருந்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

முன்னால் உள்ள இரண்டும் தசைகளுக்கு நடுவே சுதந்திரமாக ஏறிவிடும். பின்னால் உள்ளவைதான் வில்லங்கம் பிடித்தவை. கழுத்தெலும்பு ஏழில், மேலிருந்து ஆறாவதின் பக்கத் துளைக்குள் நுழைந்து, எலும்புக்கு எலும்பு துளை வழியாகவே மேலே போகின்றன. கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து விட்ட பழைய வீதிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பாறையைத் துளைத்து வருகிறவனிடமே கண்டி வீழும் என்று ஒரு வாக்கு இருந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தது 1815இல். அந்த வீதியைப் போட்ட கப்டன் டோசன் வந்தது அதற்குப் பிறகு. வாக்கு கொஞ்சம் பிந்திப் பலித்திருக்கிறது!

கடுகண்ணாவைப் பாறை அசையாது. கழுத்தெலும்போ திரும்பும். நாம் தலையைத் திருப்பும் அளவில் ஏறக்குறையப் பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கக் குழாய் அந்த இடத்தில் இழுபட்டு நெரிபடும்; சிலருக்கு இரத்த ஓட்டம் குறையவும் செய்யும். பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. மற்றக் குழாய்கள் ஈடுகட்டிவிடும். நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகச் சேர்கின்றன. 1664இல் அதை விளக்கி எழுதியவர் தோமஸ் வில்லிஸ். அவருடைய நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பின்னாளில் லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய அதே ஆள். ஆனால் எல்லோருக்கும் அந்த வளையம் முழுமையாக அமைவதில்லை. வளையமும் அறுந்து, ஒரு குழாயும் மெலிந்தவருக்குத் திரும்பிய தலையே தலைசுற்றலாகும்.

இப்போது ஆந்தை. தலதா மாளிகைக்குப் பின்னே உடவத்தகெலே காட்டில் மீன் ஆந்தை உண்டு. அது உடலை அசைக்காமல் முதுகுப் பக்கம் பார்க்கும். ஆந்தையின் விழி குழிக்குள் உருளாது. பார்க்க வேண்டுமானால் தலைதான் போக வேண்டும், 270 பாகை வரை. நாம் அப்படித் திருகினால் குழாய் கிழிந்துவிடும். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் இறந்துபோன ஆந்தைகளின் குழாய்களில் சாயம் ஏற்றித் தலையைத் திருப்பிப் பார்த்து, 2013இல் காரணத்தைச் சொன்னார்கள். அதன் கழுத்தெலும்பு பதினான்கு. அவற்றின் துளை, உள்ளே போகும் குழாயைப் போலப் பத்து மடங்கு அகலம். குழாய் குட்டிச் சுரங்கத்துக்குள் காற்றுப்பையோடு பயணிக்கிறது என்று சொல்லலாம். தாடைக்குக் கீழே குழாய்கள் விரிந்து இரத்தத்தைச் சேமித்தும் வைக்கின்றன. நம் துளையிலோ குழாய்க்கு அவ்வளவு தாராளம் கிடையாது.

இதை வாசித்த அன்று எனக்கு நினைவு வந்தது, டவுனில் ஒரு சலூன். முடி வெட்டி முடிந்ததும், கேட்காமலே என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு. 'டக்' என்றது. "சுகமா இருக்கா அண்ணே?" என்றார் தம்பி. சுகமாகத்தான் இருந்தது, அதுதான் பயம். அப்படிச் சட்டெனத் திருகும்போது அரிதாகக் குழாயின் உட்சுவர் கிழியும். கிழிந்த இடத்தில் உறையும் இரத்தம் மூளைக்குப் போனால் பாரிசவாதம். நெட்டி எடுக்க வேண்டாம் என்று கதிரையில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

வெஸ் ஆட்டக்காரர் அடுத்த வாரம் வருவார். இதற்கிடையில், கழுத்தைத் திருகிய பிறகு யாருக்காவது புதிதாகக் கழுத்து வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு வந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.