உங்களுக்குத் தெரியுமா? மீன் பெட்டிக்குள் இருக்கும் சுவர்

வெள்ளவத்தைச் சந்தையின் மீன் பெட்டிகளில் ஐஸைக் கரையவிடாமல் வைத்திருக்கும் அதே ரெஜிபோம் என்னும் வெண்ணுரைப் பலகை வெயிலையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தும். ரெஜிபோமில் ஏறத்தாழ 98 சதவீதம் வெறும் காற்று. அசையாமல் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கணக்குப் பார்த்தால், 5 சென்ரிமீற்றர் ரெஜிபோம் தடுக்கும் வெப்பத்தைச் செங்கல்லால் தடுக்கக் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் தடிப்பில் சுவர் எழுப்ப வேண்டும்! கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் அதற்கு ஏது இடம்?

காலி வீதியில் சற்றுத் தெற்கே போனால் மொறட்டுவை. அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கழிவு ரெஜிபோமை மணிகளாக்கிச் சீமெந்தில் கலந்து, இருபுறமும் நார்ச் சீமெந்துத் தகடு வைத்த சுவர்ப் பலகையைச் சோதித்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். சீமெந்து கலந்ததால் தனி ரெஜிபோம் அளவுக்கு இது வெப்பத்தைத் தடுக்காது. ஆனால் பாரத்தைத் தாங்கும்.

உண்மையில் கொழும்பில் முதல் எதிரி சுவரல்ல, கூரைதான். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தொடர்மாடியின் கடைசித் தட்டில் இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் கொங்கிறீற் தட்டைத் தொட்டால் இன்னும் சூடாக இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. கையில் காசு குறைவென்றால் ரெஜிபோம் பலகையை முதலில் கூரைக்குப் போடுங்கள்.

ஒன்று கவனம்: ரெஜிபோம் தீப்பிடிக்கும். அதைத் திறந்தபடி விடாமல் சீமெந்துப் பூச்சால் மூட வேண்டும். இரும்புத் தகடு போர்த்திய பலகையென்றால், கடற்காற்றின் உப்பு வெட்டுவிளிம்பில்தான் முதலில் துருவேற்றும்.