வாசலில் ஆறு, சுவரில் ஐந்து

மார்கழியில் எருமப்பட்டிக்கு விடிவதே கோலத்தோடுதான். கொல்லிமலைப் பக்கமிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சாணி தெளித்த வாசல்கள் வெள்ளையாகிவிடும். அன்றைக்கு அக்கா மகள் இரண்டு முக்கோணங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஆறு முனை நட்சத்திரக் கோலம் போட்டிருந்தாள். படம் எடுத்துத் தோழிகளுக்கும் அனுப்பியிருக்கிறாள். ஒருத்தி, ‘இது அமெரிக்காவுல ரவுடிக் கும்பல் சுவத்துல வரையற குறி’ என்று பதில் போட்டாளாம். இன்னொருத்தி, ‘இஸ்ரேல் கொடி மாதிரி இருக்கே’ என்றாளாம். நான் போனபோது கையில் விளக்குமாற்றோடு நின்றிருந்தாள்.

“ஏனுங்க மாமா, அழிச்சிரட்டுங்களா?”

“அத அங்க சாத்திட்டு வா அம்முணி. மொதல்ல டீயக் குடி.”

திண்ணையில் உட்கார்ந்தோம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோழிகள் இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். 1970-களின் கடைசியில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சிறைகளில் இருந்த சிகாகோ கும்பல்கள் இரண்டு பெரிய அணிகளாகச் சேர்ந்தன. ஓர் அணியின் பெயர் ‘ஃபோக் நேஷன்’, மற்றது ‘பீப்பிள் நேஷன்’. முதல் அணி ஆறு முனை நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டது. 1974-இல் இறந்த டேவிட் பார்க்ஸ்டேல் என்ற கும்பல் தலைவரின் நினைவாக அதைச் சொல்வார்கள். ஆறு முனை நட்சத்திரத்துக்குத் ‘தாவீதின் நட்சத்திரம்’ என்று பெயர்; தாவீதுதான் ஆங்கிலத்தில் டேவிட். அந்தப் பெயரை வைத்தே குறி பிறந்தது. எதிரணிக்கு ஐந்து முனை. ஒரு தெருவில் எந்த அணியின் நட்சத்திரம் இருந்ததோ, அந்தத் தெரு அந்த அணியுடையது. எதிரியின் குறியைத் தலைகீழாக வரைந்தால் அது அவமதிப்பு, சண்டைக்கு அழைப்பு. அங்கே வளரும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் முனைகளை எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

ஆனால் அதே நாட்டில், நியூயார்க்கின் சுவரெழுத்தில், நட்சத்திரத்துக்கு அந்தப் பாரம் இருக்கவில்லை. அங்கே 1970-களின் தொடக்கத்தில் இளைஞர்கள் தங்கள் பட்டப்பெயரையும் தெரு எண்ணையும் சுவரிலும் ரயிலிலும் எழுதிவந்தார்கள். ‘டாக்கி 183’ என்று ஊர் முழுக்க எழுதிய பையனைப் பற்றி 1971-இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி போட்டது. 183 அவன் குடியிருந்த தெருவின் எண். பிறகு பெயர்களுக்கு அலங்காரம் சேர்ந்தது. கிரீடம், அம்புக்குறி, நட்சத்திரம். எழுத்துக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் ஒரு நட்சத்திரம், பெயரின் இரு பக்கமும் ஒவ்வொன்று. நம்மூர் லாரியில் பெயருக்கு இரண்டு பக்கமும் பூப் போடுவது போலத்தான்.

“அப்பறம் எதுக்குங்க மாமா சுவத்துல வரையறதெல்லாம் பெரும்பாலும் அஞ்சு மொனையா இருக்குது? நம்ம கோலத்துல ஏன் ஆறு?”

இந்தக் கேள்விக்காகவே இன்னொரு டம்ளர் டீ குடிக்கலாம்.

கோலம் புள்ளியிலிருந்து பிறக்கிறது. ஊடுபுள்ளி வைக்கிறோம்: 7-இல் தொடங்கி 4 வரை. நடுவரிசையில் 7, இரு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ் வரிசைப் புள்ளி வருவதால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரே தூரத்தில் ஆறு புள்ளிகள் நிற்கும். ஆறு அங்கே முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது. கோட்டை இழுத்தால் எழுந்து வருகிறது. இதைவிடச் சின்னதாக வேண்டுமானால் 13 புள்ளி போதும். வரிசைக்கு 1, 4, 3, 4, 1 என்று வைத்துப் பாருங்கள், நட்சத்திரம் தானே தெரியும்.

ஐந்து முனை அப்படி வராது. எத்தனை ஆயிரம் புள்ளி வைத்தாலும், நேர்புள்ளியானாலும் ஊடுபுள்ளியானாலும், ஐந்து முனையும் சமமாக உள்ள நட்சத்திரம் புள்ளிகளின் மேல் சரியாக உட்காரவே உட்காராது. காரணத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ஐந்து முனையும் புள்ளி மேல் விழுந்த ஓர் ஐங்கோணம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை எடுத்துச் சாய்சதுரமாக முடித்தால், அதன் நாலாவது மூலையும் ஒரு புள்ளியில்தான் விழ வேண்டும், ஏனென்றால் புள்ளிகளின் இடைவெளி எங்கும் ஒன்றுதான். ஐந்து இடத்திலும் இப்படிச் செய்தால் உள்ளே ஒரு சின்ன ஐங்கோணம் கிடைக்கும். அதற்குள் இன்னும் சின்னது, அதற்குள் அதைவிடச் சின்னது. புள்ளிகளுக்கு நடுவே விட்ட இடைவெளியையும் தாண்டிச் சிறுத்துக்கொண்டே போகும். அங்கே புள்ளி ஏது? ஆக, அப்படி ஓர் ஐங்கோணம் இருக்க வழியில்லை. இந்தச் சங்கதியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமலே, தலைமுறை தலைமுறையாக வாசலில் ஆறையும் எட்டையும் வைத்து ஆண்டிருக்கிறார்கள் நம் பெண்கள். எட்டு என்றதும் இருதயக் கமலக் கோலம் ஞாபகம் வருகிறது. நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து புள்ளி வைத்து, 1, 3, 5, 2, 4 என்று தாவித் தாவி இழுத்தால், 40 புள்ளியையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேரும்.

சுவருக்குப் புள்ளி கிடையாது. அங்கே கையின் வேகம்தான் எல்லாம். ஐந்து முனையைக் கையை எடுக்காமல், ஐந்தே நேர்க்கோட்டில் முடித்துவிடலாம். ஆறு முனைக்கு இரண்டு முக்கோணம். ஒன்றை முடித்துக் கையைத் தூக்கி அடுத்ததைத் தொடங்க வேண்டும். இருட்டில் ஸ்பிரே டப்பாவோடு நிற்பவனுக்கு எது சுலபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிதானமாக எழுதும் சுவர் ஓவியருக்குக் கணக்கு தலைகீழ். நூலில் சாக்பீஸைக் கட்டி வட்டம் போட்டு, அதே நூலின் அளவை வட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு பாகம் வந்துவிடும். ஐந்துக்குத்தான் யோசிக்க வேண்டும்: நூல் 10 அங்குலம் என்றால், ஏறக்குறைய 11¾ அங்குலம் விட்டு விட்டுக் குறிக்க வேண்டும். அதனால் ஒருமுறை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால் சுவர்தோறும் வேலை சுலபம். மார்க்சிஸ்ட் கட்சியின் சுத்தியல் அரிவாள் நட்சத்திரம் அந்த ஐந்து முனைதான். கட்சி பிறந்தது 1964-இல். அந்தச் சிவப்பு நட்சத்திரமோ 1918-இலேயே ரஷ்யச் செஞ்சேனையின் தொப்பியில் ஏறிவிட்டது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறித் தெருக்களில் அதைப் பார்ப்பவருக்கு ரஷ்யா ஞாபகம் வராது. கூலி உயர்வுக்கு நடந்த போராட்டம்தான் வரும்.

இப்போது அந்த இரண்டாவது தோழிக்கு வருகிறேன். தாவீதின் நட்சத்திரம் இஸ்ரேலின் கொடியில் அதிகாரபூர்வமாக ஏறியது 1948-இல். அதற்கு ஏழு ஆண்டு முன்னால், 1941-இல், ஜெர்மனியில் யூதர்கள் அதே ஆறு முனையை மஞ்சள் துணியில் நெஞ்சில் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும் என்று நாஜி அரசு உத்தரவு போட்டது. யூதர்கள் தாங்களாக ஏந்திய குறியையே, அவர்களைப் பிடித்து ஒதுக்குவதற்கான அடையாளமாக நாஜிகள் மாற்றினார்கள். இதைச் சொன்னபோது அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நம் வீட்டில் அந்த வடிவத்துக்குச் சட்கோணம் என்று பெயர். சஷ்டியன்று அவள் அம்மாவே பூஜை அறையில் போடுவாள். ஆறு மூலையில் ச, ர, வ, ண, ப, வ என்று எழுதி, ஆறு அகல் ஏற்றி முருகனைக் கும்பிடுவாள். கபிலர்மலை முருகனைப் பார்க்க நடந்து போகிறவர்களிடம் போய் இது சிகாகோ கும்பலின் குறி என்று சொல்ல முடியுமா? அந்தக் கும்பலுக்கும் இது சஷ்டிக் கோலம் என்று தெரியாது. ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால் முனையை எண்ணினால் மட்டும் போதாது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சுவர், யார் பார்ப்பதற்காக வரைந்தது என்றும் பார்க்க வேண்டும். அவள் கோலத்தின் பக்கத்தில் இருந்தது இரண்டு கிளியும் ‘நல்வரவு’ம்.

“அப்ப அழிக்க வேண்டாங்களா?”

“வெயில் ஏறட்டும். வண்டியும் ஆடும் மிதிச்சு அதுவா அழியும். நாளைக்கு வேற போடு.”

அதற்குள் அக்கா சாணி உருண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பரங்கிப் பூ ஒன்றை அதில் செருகி, நட்சத்திரத்தின் நட்டநடுவில் வைத்தாள். மருமகள் குனிந்து அந்தப் பூவையே பார்த்தாள். பிறகு விரலால் இதழ் நுனிகளைத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.

“மாமா, அஞ்சுங்க!”